கங்கையில் ஆறு துடுப்புகள்: ரிஷிகேஷ் நாட்குறிப்பு

மார்ச் 6, 2024, புதன் – தபோவன்

ஆறு பேர். 22 வருடத்துக்கு முன்னால் ஒரே விடுதியில் இருந்தவர்கள். இப்போது சென்னை, கோவை, பெங்களூர், துபாய் என்று ஆளுக்கொரு ஊர். எல்லாருக்கும் வயது நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. ஜாலி கிராண்ட் விமான நிலையத்திலிருந்து ரிஷிகேஷ் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். மதியத்துக்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பழைய நண்பர்களோடு சாகசப் பயணம் போகிறவர்கள் முதல் நாள் மாலையே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். அவரவர் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிடுவது. இருபது வயதில் பார்த்த உடம்பைத்தான் நண்பர்கள் மனசில் வைத்திருப்பார்கள். நடுவில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இந்தக் குழுவில் ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, ஒருவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை, ஒருவருக்கு மைனஸ் எட்டு கண்ணாடி, ஒருவருக்கு நீச்சல் தெரியாது. இது நான்கும் அன்று மாலை இஞ்சி எலுமிச்சைத் தேநீரோடு உட்கார்ந்தபோதுதான் வெளியே வந்தது. ஆற்றங்கரையில் படிவம் நீட்டும்போது வந்திருந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான், கையெழுத்தப் போடு" என்ற குரல்தான் ஜெயித்திருக்கும்.

ராஃப்டிங் என்பது காற்றடித்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு வேகமான ஆற்றில் இறங்குவது. நீச்சல் தெரியாதவரும் போகலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் தெரியாது என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவரை எந்த இடத்தில் உட்கார வைப்பது, கவிழ்ந்தால் முதலில் யாரைத் தேடுவது என்பதெல்லாம் அந்தத் தகவலை வைத்துத்தான் முடிவாகும்.

தபோவன் சாலையில் நாலு அடிக்கு ஒரு ராஃப்டிங் கடை. தூரத்தை வைத்துத்தான் விலை. பிரம்மபுரியிலிருந்து 9 கிலோமீட்டர், சிவ்புரியிலிருந்து 16, மரைன் டிரைவிலிருந்து 25 பக்கம், கௌடியாலாவிலிருந்து 36. சிவ்புரிக்கு முதல் கடையில் தலைக்கு 1,500 ரூபாய் சொன்னார்கள், மூன்றாவது கடையில் 1,000. விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை வேறு. வழிகாட்டியிடம் உரிமம் இருக்கிறதா, கூடவே மீட்புக் கயாக் (விழுந்தவரைத் தூக்க வரும் சிறு படகு) வருமா, ஒரு படகில் எத்தனை பேர், ஹெல்மெட் எல்லா அளவிலும் இருக்கிறதா. கயாக் கிடையாது என்று ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம். வீடியோவுக்குத் தனிக் காசு. அதைப் பேரம் பேசும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

இரவு பருப்பு, ரொட்டி, உருளைக்கிழங்கு காலிஃபிளவர். ஊரில் மாமிசமும் மதுவும் தடை. விடுதி நாட்களை நினைத்து வந்தவர்களில் இரண்டு பேருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் மறுநாள் காலை ஆற்றில் இறங்கப்போகிற கூட்டத்துக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை.

மார்ச் 7, வியாழன் – சிவ்புரி முதல் நீம் பீச் வரை

காலை ஏழு மணிக்கு ஆலு பராத்தா, தயிர், 70 ரூபாய். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்தச் சொன்னார் விடுதிப் பையன். படகில் முன்னும் பின்னும் குனிந்து துடுப்புப் போடும்போது நிறைந்த வயிறு குமட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

உடை விஷயத்தில் ஆறில் நான்கு பேர் தப்பு செய்திருந்தார்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் தண்ணீரைக் குடித்துக் கனமாகி, குளிரை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். சீக்கிரம் காயும் நைலான் அல்லது பாலியஸ்டர் உடைதான் சரி. வார் போட்ட செருப்பு, இல்லையென்றால் பழைய ஷூ. ரேபிட் என்றால் ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்து வேகமெடுக்கும் இடம். ரப்பர் செருப்பு முதல் ரேபிடிலேயே போய்விடும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், கண்ணாடிக்குப் பின்பக்கம் கயிறு கட்ட வேண்டும். வெட்சூட் என்கிற குளிர் தாங்கும் ரப்பர் உடைக்கு வாடகை 200 ரூபாய். இமயப் பனி உருகி வரும் தண்ணீர் மார்ச்சில் எப்படி இருக்கும் என்பது கையை விட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அரை நிமிடத்தில் விரல் மரத்தது. ஆறு பேரும் வெட்சூட் வாங்கிக்கொண்டார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இடுப்பு வாரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி இறுக்க வேண்டும். பிறகு கூட்டாளி இரண்டு தோள்பட்டை வாரையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் விழுந்தால் அது முகத்தை மூடும். நனைந்ததும் வார் தளரும். அதனால் முதல் ரேபிட் தாண்டியவுடன் மறுபடி ஒரு முறை. வழிகாட்டி இதை ஆறு பேருக்கும் தன் கையாலேயே செய்து பார்த்தார். கட்வாலி மலைக்காரர், இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார். தமிழில் 'முன்னால' என்ற ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க அதையே கத்தினார்.

உத்தரவுகள் நான்குதான். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன். கடைசியது வந்தால் துடுப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படகின் தரையில் குந்த வேண்டும். முன்னால் இருக்கும் இருவர்தான் தாளம். பின்னால் இருப்பவர்கள் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, முன்னால் இருப்பவரின் தோளைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரின் துடுப்பு ஒன்றோடொன்று மோதினால் அங்கேயே வேகம் செத்துவிடும். படகின் விளிம்பில்தான் உட்கார வேண்டும். ஒரு கால் முன்னால் இருக்கும் குமிழில், ஒரு கால் குறுக்குக் குழாயின் அடியில். பாதம் பிடிமானம் கொள்கிற அளவுக்கு நுழைத்தால் போதும். கணுக்காலுக்கு மேல் நுழைத்தால் விழும்போது கால் வராது.

துடுப்பின் தலையில் 'டி' வடிவக் கைப்பிடி இருக்கும். அதை மேல் கை எந்த நேரமும் மூடியே இருக்க வேண்டும். ராஃப்டிங்கில் அடி படுவது பாறையால்தான் என்று நினைக்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் கைவிட்ட துடுப்புத் தலையால் பல் உடைவதும் நடக்கிறது.

சிவ்புரியிலிருந்து முதலில் வரும் ரேபிட் ரிடர்ன் டு செண்டர் (Return to Sender). அதன் பிறகு ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ். அதற்கும் கீழே இனிஷியேஷன், டபுள் டிரபிள், ஹில்டன், டெர்மினேட்டர். கோல்ஃப் கோர்ஸ் நாளின் பெரியது. பெரும் பாறைமேல் ஏறி விழும் தண்ணீர், பாறைக்குக் கீழே குழி பறித்து மேல்நோக்கியே திரும்பி உருளும். வழிகாட்டிகள் இதை 'ஹோல்' என்கிறார்கள். கோல்ஃப் கோர்ஸ் என்ற பெயரும் இந்தக் குழிகளால் வந்தது. பக்கவாட்டில் அகப்பட்ட படகை அது பிடித்துக் குலுக்கும். நேர் மூக்காக, வேகத்தோடு போனால் தாண்டிவிடலாம். ரேபிடுக்கு நடுவே பயத்தில் துடுப்பை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு. தண்ணீரின் வேகத்தைவிடப் படகு கொஞ்சமாவது வேகமாகப் போனால்தான் பின்னாலிருக்கும் வழிகாட்டியால் திருப்ப முடியும். துடுப்பு நின்றால் படகு வெறும் மரக்கட்டை. அலை அதைக் குறுக்கே திருப்பிவிடும்.

ரோலர் கோஸ்டரின் மூன்றாவது அலையில் கோவைக்காரர் விழுந்தார். நடந்தது இருபது நொடிதான், ஆனால் அதற்குள் எத்தனையோ இருந்தது.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. நல்ல நீச்சல்காரரும் இந்த நிமிடத்தில்தான் தடுமாறுகிறார். எனவே உடனே நீந்த முயலக் கூடாது. மல்லாந்து படுத்து, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய, பாதத்தை நீரோட்டத்தின் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். வரும் பாறையைப் பாதம் வாங்கிக்கொள்ளும். மூச்சு திரும்பிய பிறகுதான் நீச்சல். ஆழம் குறைந்த மாதிரித் தெரிந்தாலும் எழுந்து நிற்கக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முகம் குப்புறத் தள்ளி அப்படியே அமுக்கிப் பிடிக்கும். முழங்கால் அளவுக்கும் குறைந்த பிறகே நிற்க வேண்டும். படகுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் மேல்நீர்ப் பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இருந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவே நசுங்க நேரும்.

கோவைக்காரர் மல்லாந்து கொண்டார். நீச்சல் தெரியாதவர்தான் அவரை இழுத்துப் போட்டார். கையைப் பிடித்து இழுத்தால் நனைந்த ஆள் வழுக்குவார், தோள் மூட்டு விலகவும் கூடும். லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள் வாரையும் பிடித்து, முழங்காலைப் படகு விளிம்பில் ஊன்றி, ஒரு முறை லேசாக அமுக்கிவிட்டு, அது எழும்பும் வேகத்தோடு பின்னால் சாய வேண்டும். இரண்டு பேரும் படகுக்குள் விழுவார்கள். கரையில் நாலு முறை பழக்கியிருந்ததால் கை தானாகப் போயிற்று. மீட்புக் கயிறு வீசுவார்கள் என்றால் அதைத் தோள்மேல் போட்டு மார்போடு பிடித்து மல்லாந்து வர வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

நடுவழியில் கரையில் மேகி, 80 ரூபாய், தேநீர் 20. பக்கத்திலேயே இருபது அடி உயரப் பாறை. லைஃப் ஜாக்கெட்டோடு குதிப்பது. கையை மார்பில் கட்டி ஜாக்கெட்டைப் பிடித்து, காலைச் சேர்த்து, தாவாமல் ஒரு அடி எடுத்து வைப்பதுபோல் இறங்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், நாக்கு பல்லுக்கிடையில் இருக்கக் கூடாது. டிஸ்க் பிரச்சினை உள்ளவர் குதிக்கவில்லை. முதுகுத்தண்டு நேராக அடி வாங்குகிற விஷயம் இது. யாரும் கேலி செய்யவில்லை. நேற்று மாலைப் பேச்சு இங்கே வேலை செய்தது.

நீம் பீச்சில் கரையேறியபோது மணி ஒன்றரை. எல்லாருக்கும் கைமூட்டைவிட இடுப்புப் பக்கத் தசைதான் வலித்தது. துடுப்பு சரியாகப் போட்டதற்கு அதுதான் அடையாளம். கையால் இழுத்திருந்தால் தோள் வலித்திருக்கும்.

மார்ச் 8, வெள்ளி – மோகன்சட்டி

இந்த நாளைத் திட்டமிட்டதில் பெரிய பிழை. பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

பங்கி, அதாவது நீளும் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் மேடை மோகன்சட்டியில், நீலகண்ட மகாதேவர் கோயிலுக்குப் போகும் பாதையில். இன்று மகா சிவராத்திரி. ஆலகால நஞ்சை உண்டு சிவன் கழுத்து நீலமான தலம் என்று நம்பப்படும் அந்தக் கோயிலுக்கு வட மாநிலக் கூட்டம் முழுக்கத் திரண்டு போகிற நாள். பதினோரு மணிக்குப் பதிவு, காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். கருட்சட்டி பக்கம் ஜீப் நின்றது. மலைச்சாலை ஒரு வண்டி அகலம். எதிரே திரும்பி வரும் வண்டிகளை அனுப்பிய பிறகுதான் எங்களை விட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது மதியம் மணி இரண்டரை. சிவராத்திரி, ஹோலி, நீண்ட வார இறுதி ஆகிய நாட்களில் இந்தப் பாதையில் எதையும் பதிவு செய்யாதீர்கள். சிவ பக்தர்கள் கங்கை நீர் எடுத்துப்போகும் கன்வர் யாத்திரை நடக்கும் ஆடி மாத வாக்கில், அதாவது ஜூலை ஆகஸ்டில், ராஃப்டிங்கும் வெள்ளத்தால் மூடிக் கிடக்கும்.

ஆனால் அந்த ஐந்தரை மணி நேரம் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. வெறுங்காலோடு மலை ஏறும் கூட்டம், 'பம் பம் போலே' முழக்கம், சாலையோரப் பந்தலில் வருகிற போகிற எல்லாருக்கும் வாழைப்பழமும், விரதக்காரர்களுக்கான ஜவ்வரிசிக் கிச்சடியும். காசு நீட்டியபோது பந்தல்காரர் கையைக் கூப்பிவிட்டார். ஜீப்புக்குள்ளே 22 வருடக் கதை முழுக்கப் பேசி முடிக்க அவகாசம் கிடைத்ததும் இங்கேதான்.

மேடை 83 மீட்டர் உயரம். எடை 40 கிலோவுக்குக் கீழோ 110க்கு மேலோ இருந்தால் அனுமதி இல்லை. எடை பார்த்து, எண்ணைக் கையில் மார்க்கரால் எழுதுகிறார்கள். மேடைமேல் இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறார். இது சடங்குக்காகச் செய்வதில்லை. கயிற்றின் தடிமன் எடையைப் பொறுத்தது. கனமானவருக்கு மெல்லிய கயிறு போனால் அளவுக்கு மேல் நீளும், லேசானவருக்குத் தடிமன் போனால் உலுக்கும். கணுக்கால் கட்டும் இடுப்புக் கட்டும் இரண்டும் உண்டு, ஒன்று தவறினாலும் மற்றது தாங்கும். இரண்டு எண்ணும் ஒத்துவருகிறதா என்று குதிப்பவரும் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

மைனஸ் எட்டு கண்ணாடிக்காரர் மேடையில் ஏறவில்லை. தலைகீழாகத் தொங்கித் திடீரென நிற்கும்போது கண்ணின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் சட்டென்று ஏறும். விழித்திரையில் ரத்தக் கசிவு வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதிக மைனஸ் உள்ளவர்களின் விழித்திரை ஏற்கெனவே மெலிந்தது. ரத்த அழுத்தக்காரரும், முதுகுக்காரரும் கீழேயே. மிச்சம் மூன்று பேர் குதித்தார்கள், தலைக்கு நாலாயிரத்தை ஒட்டிச் செலவு. மேடையில் யாரும் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார்கள். தாமாகச் சாய வேண்டும். கீழே பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துச் சாய்ந்தவர் சுத்தமாக விழுந்தார். காலால் எம்பியவர் உடம்பு சுழன்றது. துபாய்க்காரர் இரண்டு முறை எண்ணியும் போகவில்லை. மூன்றாவது எண்ணலை அவரே தமிழில் எண்ணிக்கொண்டு போனார்.

மார்ச் 9, சனி – குஞ்சாபுரி

காலை நாலரைக்குக் கிளம்பி, நரேந்திரநகர் வழியாக குஞ்சாபுரி தேவி கோயில். 1,645 மீட்டர். கடைசியில் முந்நூறு சொச்சம் படி. கம்பளிச் சட்டை இல்லாமல் சூரிய உதயத்துக்கு நிற்க முடியாது, காற்று அவ்வளவு கூர்மை. வடக்கே பனிச்சிகரங்கள் ஒரு கால் மணி நேரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்து, பிறகு மூட்டத்தில் கரைந்தன.

திரும்ப வண்டியில் வராமல் நீர்கட் அருவி வழியாக தபோவனுக்கு நடந்து இறங்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆயிரத்து இருநூறு மீட்டர் இறக்கம். ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள் இங்கே பாடம் படிப்பார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடை தாங்குகிறது, முட்டியின் சில்லு ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் வாங்குகிறது. சின்ன அடி, முட்டியைக் கொஞ்சம் மடித்து, கைத்தடியை காலுக்கு முன்னால் ஊன்றி இறங்க வேண்டும். ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்காவிட்டால் கால் முன்னால் சரிந்து பெருவிரல் நகம் கறுக்கும். இரண்டு பேருக்கு நகம் கறுத்தது. வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றதும் "ராமேஸ்வரம் பக்கமா?" என்றார். கங்கை நீரை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மாலை யாருக்கும் நடக்க முடியவில்லை. ராம்ஜூலா பக்கம் சிவானந்த ஆசிரமம்வரை ஆட்டோ. அதை நிறுவிய சுவாமி சிவானந்தர் நம்ம பத்தமடைக்காரர். பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவர் 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கியது இந்தக் கரையில்.

மார்ச் 10, ஞாயிறு – தேவப்பிரயாகை

எழுபது கிலோமீட்டர் மேலே. விடியற்காலையில் கிளம்பினால் இரண்டரை மணி நேரம், வெயில் ஏறியபின் வார இறுதி வண்டிகளோடு எவ்வளவு என்று சொல்ல முடியாது. இரைச்சலோடு பச்சையாக இறங்கும் பாகீரதியும், அமைதியான அலகநந்தாவும் சேருமிடத்திலிருந்துதான் கங்கை என்று பெயர். பாகீரதியின் வண்டலை மேலே டெஹ்ரி அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. 260.5 மீட்டர் உயர அணை. அங்கே எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கீழே ரேபிடும் மாறும். காலையில் மிரட்டிய அலை மாலையில் மட்டமாகக் கிடப்பதற்கும் அது ஒரு காரணம்.

படித்துறையில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதைக் கையில் பிடிக்காமல் முங்கக் கூடாது. கடைசிப் படியிலேயே இழுப்பு அவ்வளவு. மேலே ரகுநாதர் கோயில். பெரியாழ்வார் 'கண்டம் என்னும் கடிநகர்' என்று பாடிய திவ்ய தேசம் இது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பாடிய ஊரில் நிற்கிறோம் என்று தெரிந்ததும், கோயிலுக்கெல்லாம் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் முதலில் படி ஏறினார்.

திரும்பும் வழியில் ஒரு தாபாவில் ராஜ்மா, சோறு, 120 ரூபாய். ஐந்து நாளில் முதல்முறையாக எல்லாரும் இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். கௌடியாலாவுக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்த்தோம். இரண்டு படகுகள் வந்தன. முதலாவது நேராகத் தாண்டிவிட்டது. இரண்டாவதில் இடப்பக்கத் துடுப்புகள் நடுவில் நின்றன, மூக்கு திரும்பியது, அடுத்த அலையில் படகு கவிழ்ந்தது. தண்ணீரில் ஆறேழு ஹெல்மெட். கயாக் ஏற்கெனவே கீழே சுழலில் காத்திருந்தது.

நீச்சல் தெரியாதவர் சுவர்மேல் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். "பாருடா, எல்லாருக்கும் கால் மேல இருக்கு," என்றார். கடைசி ஆள் படகுக்கு ஏறும்வரை வண்டியில் யாரும் ஏறவில்லை.